வாஷிங்டனில் 24 ஆண்டுகள்: தோப்ரினின் பற்றிய கேள்வி பதில்

1962 முதல் 1986 வரை அமெரிக்காவில் சோவியத் தூதராக இருந்த அனதோலி தோப்ரினின் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பரம்பரையாக அரசுப் பதவியில் இருந்த குடும்பமா?

பதில்: இல்லை, தொழிலாளியின் மகன். 1919இல் பிறந்தவர். விமான வடிவமைப்புப் பொறியாளராக இருந்தவரை 1944இல் தூதர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவராகத் தேடிப் போன துறை அல்ல.

கேள்வி: 1962இல் கியூபாவில் சோவியத் ஒன்றியம் ரகசியமாக ஏவுகணைகள் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது என்பதை நம்ப முடியவில்லையே?

பதில்: உண்மையிலேயே தெரியாது. மாஸ்கோ மறைத்துவிட்டது. தாக்கும் ஏவுகணை எதுவும் அங்கே இல்லை என்று அமெரிக்கர்களிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1962 அக்டோபர் 22 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அவரை அழைத்து, அதிபர் கென்னடி அன்றிரவு ஆற்றவிருந்த உரையைக் கையில் கொடுத்தார். தன் கண்ணெதிரே அந்த மனிதருக்குப் பத்து வயது கூடிவிட்டது என்று ரஸ்க் பின்னாளில் சொன்னார். சொந்த அரசே ஒரு தூதரை இப்படிப் பொய்யராக்கியது என்னைப் பொறுத்தவரை கொடுமைதான்.

ஆனாலும் ஐந்தே நாளில், அக்டோபர் 27 இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத்தான் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்தால் அமெரிக்கா அதன்மீது படையெடுக்காது. துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளும் சில மாதங்களில் போய்விடும், ஆனால் அது வெளியே வரக்கூடாது என்றார். மறுநாளே சோவியத் தலைவர் குருசேவ் இணங்கினார். துருக்கி விஷயத்தை எழுத்தில் உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை தோப்ரினின் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ராபர்ட் அதைத் திருப்பித் தந்துவிட்டார்.

கேள்வி: இவ்வளவு அவசரச் செய்தி மாஸ்கோவுக்கு எப்படிப் போனது?

பதில்: சிரிக்காதீர்கள், சைக்கிளில்! சங்கேத மொழியில் எழுதிய தந்தியை வாங்கிப்போகத் தந்தி நிறுவனத்துப் பையன் சைக்கிளில் வருவான். வழியில் எங்கும் நிற்காமல் போகவேண்டுமே என்று தூதரகத்தில் வேண்டிக்கொள்வார்களாம். அடுத்த ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

கேள்வி: எத்தனை அதிபர்களைப் பார்த்தார்?

பதில்: கென்னடி முதல் ரீகன் வரை ஆறு பேர். நிக்சன் காலத்தில் அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் இவரும் தனியே சந்தித்துப் பேசியவை பல, அமெரிக்க வெளியுறவுத்துறைக்கே தெரியாமல் நடந்தன.

கேள்வி: அந்தச் செல்வாக்கு கடைசிவரை நீடித்ததா?

பதில்: வெளியுறவுத்துறைக் கட்டடத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தம் வழியாக, செய்தியாளர் கண்ணில் படாமல் மேலே போகும் சலுகை அவருக்கு இருந்தது. 1981 ஜனவரியில், ரீகன் பதவியேற்றதும், தோப்ரினினின் காரைத் தடுத்துத் திருப்பினார்கள். அன்று முதல் மற்றத் தூதர்களைப் போல அவருக்கும் முன்வாசல்தான்.