விமானத்துக்குள் ஏதோ மணக்கிறது: பணியாளர்கள் என்ன செய்கிறார்கள், நாம் என்ன செய்யவேண்டும்?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லண்டனிலிருந்து கட்டுநாயக்கா வரும்போது நடுவானில் ஊறிப்போன காலுறை மாதிரி ஒரு மணம் வந்தது. பணிப்பெண்கள் இருவர் வந்து மேலே பைகள் வைக்கும் இடத்தைத் திறந்து பார்த்தார்கள், சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மணமும் போய்விட்டது. எதையாவது மறைத்தார்களா? தொய்வு வருத்தம் உள்ள என் அம்மா அடுத்த மாதம் பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து ரொறன்ரோ போகவேண்டும். அவருக்கு என்ன சொல்லி அனுப்புவது?"

அவர்கள் செய்தது தேடல். விமானப் பணியாளர்களுக்குப் பல வருடம் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தவன் நான். இனந்தெரியாத மணம் என்றால் முதல் வேலை விமானிக்குச் சொல்வது, அடுத்த வேலை தேடுவது என்றுதான் அவர்களைப் பழக்குகிறோம். விமானி கேட்பதும் நாலு விஷயம்தான்: எந்த இடம், என்ன மாதிரி மணம், எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா. சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள் என்கிறீர்களே, அது புறங்கையால்தான் இருந்திருக்கும். பலகைக்குப் பின்னால் சூடு இருந்தால் புறங்கைக்குச் சட்டென்று தெரியும். மலசலகூடத்துக் குப்பைத் தொட்டி, உணவு சூடாக்கும் அடுப்பு, இருக்கைக்குள் நசிந்த போன் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மேலே உள்ள பைகளையும் விடமாட்டார்கள். நம் ஆட்களின் பையில் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் இருக்கும் என்பது அனுபவப்பட்ட பணியாளர்களுக்குத் தெரியும்.

மணம் எங்கெங்கே வருகிறது என்பது பெரிய துப்பு. விமானத்தில் காற்று மேலிருந்து இறங்கி, பெரும்பாலும் அதே வரிசையின் கால்மாட்டில் வெளியேறும். முன்னிருந்து பின்னுக்கு அவ்வளவாக ஓடாது. ஆகவே இரண்டு மூன்று வரிசையில் மட்டும் மணம் வந்தால் காரணம் அங்கேயே இருக்கக்கூடும். முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் மணம் வந்தால் காற்று வரும் வழியையே சந்தேகிப்பார்கள்.

அந்த வழியைக் கொஞ்சம் விளக்கவேண்டும். போயிங் 787 தவிர்ந்த பெரும்பாலான பயணிகள் ஜெட் விமானங்களில், உள்ளே வரும் புதுக்காற்று எஞ்சினுக்குள் அமுக்கப்படும் காற்றிலிருந்து, எரிபொருள் சேர்வதற்கு முன்னரே எடுக்கப்படுகிறது. அங்கே எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீல் கசிந்தால், சூட்டில் கருகிய எண்ணெயின் மணம் குளிர்காற்றோடு சேர்ந்து உள்ளே வரும். பலர் அதை அழுக்குக் காலுறை, நனைந்த நாய் என்றுதான் சொல்வார்கள். உள்ளே சுற்றிவரும் காற்றை வடிக்கும் ஹெப்பா வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. நீங்கள் சொன்ன மணம் மலசலகூடத்திலிருந்தும் வரலாம், யாரோ சப்பாத்தைக் கழற்றியதாலும் வரலாம். அதனால்தான் அந்த அலசல். காற்றுவழிதான் என்று பட்டால் விமானிகள் ஒட்சிசன் முகமூடியைப் போட்டுக்கொண்டு, குளிரூட்டும் தொகுதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி எது காரணம் என்று பிரித்தறிவார்கள். அப்படி நடந்தால் மணம் தானாகப் போனது போலத்தான் பயணிக்கு இருக்கும்.

அந்த நேரத்தில் பயணிகளுக்கு ஏன் முகமூடியை இறக்குவதில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்த முகமூடி காற்றழுத்தம் குறையும்போது உதவுவதற்கானது. அதில் வரும் ஒட்சிசன் சுற்றியுள்ள காற்றோடு கலந்துதான் மூக்குக்குள் போகும், புகையும் கூடவே போகும். எங்காவது தீ இருந்தால் அதற்கும் அது தீனி.

மணத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறோம்? 1998 செப்டெம்பர் 2 இரவு, நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா போன சுவிஸ் எயார் 111 விமானத்தில் விமானிகளுக்கு ஒரு மணம் தட்டுப்பட்டது. குளிரூட்டியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஏறத்தாழ 21 நிமிடத்தில் விமானம் கனடாவின் நோவா ஸ்கோசியாவுக்கு அருகே கடலில் விழுந்தது, 229 பேரும் இறந்தார்கள். கூரைக்கு மேலே தீ பரவியிருந்தது. எரிந்த வயர் மணத்துக்குக் காரணம் உடனே பிடிபடாவிட்டால், தேடிக்கொண்டே இறங்க ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற பாடம் இப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் வந்தது.

சரி, அம்மாவுக்கு வருவோம். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பவேண்டாம். மணம் வந்தால் உடனே மேலே உள்ள அழைப்பு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். "அவர்களுக்குத் தெரியாததா" என்று நம் அம்மாமார் பேசாமல் இருந்துவிடுவார்கள், அதுதான் எனக்குக் கவலை. மூக்கு சில நிமிடத்தில் எந்த மணத்துக்கும் பழகிவிடும். அங்கேயே நிற்கும் பணிப்பெண்ணுக்குத் தெரியாதது புதிதாக வருபவருக்குத் தெரியும். ஆங்கிலம் வராவிட்டால் மூக்கைத் தொட்டு, மணக்கும் பக்கத்தைக் கையால் காட்டினால் போதும். மூச்சு முட்டினால் நெஞ்சில் கை வைத்து இன்ஹேலரைக் காட்டட்டும். அவர்களிடம் தனியாக ஒட்சிசன் சிலிண்டர் இருக்கும். போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்கவே கூடாது, பணியாளரைக் கூப்பிடவேண்டும். பற்றரி நசிந்தால் தீப்பிடிக்கும்.

இரண்டு விஷயத்துக்குப் பயப்படவேண்டாம் என்றும் சொல்லுங்கள். பலாலி வெக்கையில் விமானம் நிற்கும்போது மேலே உள்ள காற்றுத் துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கும். ஈரக்காற்று குளிர்ந்து உண்டாகும் வெறும் பனிமூட்டம் அது, மணம் இருக்காது. எஞ்சின் தொடங்கும்போது காற்று எதிர்ப்பக்கமாக அடித்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும், ஓடத் தொடங்கியதும் போய்விடும். போகாவிட்டால் அதையும் சொல்லவேண்டும்.

உங்களுக்கு அந்தப் பயணத்துக்குப் பிறகு தலையிடி, தொண்டை எரிவு, தலைச்சுற்று ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் விமான இலக்கம், திகதி, இருக்கை, மணம் வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். அதையே விமான நிறுவனத்துக்கும் எழுதி, அன்றைய பயணத்தில் மணம் பற்றிப் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.