எலக்ட்ரான் அமைப்பைக் கணினியில் கணித்தல்: கேள்வி பதில்

கேள்வி: எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தோராயமாகத் தரும் வாய்பாடுகளில் ஒன்றான பி.பி.இ. சார்பியத்தில் சிலிக்கானின் பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டங்களுக்கும் வெற்று மட்டங்களுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு) 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்றே வருகிறது. சோதனை மதிப்போ ஏறத்தாழ 1.1. உள்ளீட்டில் எதைத் தவறவிட்டேன்?

பதில்: எதையும் தவறவிடவில்லை, பி.பி.இ. தர வேண்டிய விடையே அதுதான். 1965இல் கோனும் ஷாமும் வகுத்த சமன்பாடுகள், ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக, அதே அடர்த்தியைத் தரக்கூடிய, தம்முள் வினைபுரியாத கற்பனை எலக்ட்ரான்களைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஆகவே அவற்றின் ஆற்றல் மட்டங்களுக்கு இடைப்பட்ட தொலைவும், ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கவும் நீக்கவும் ஆகும் ஆற்றல்களிலிருந்து கிடைக்கும் உண்மையான இடைவெளியும் ஒன்றல்ல. சார்பியம் துல்லியமாகவே தெரிந்திருந்தாலும் இந்த வேறுபாடு பொதுவாக நீங்காது. அதே கணக்கில் படிக மாறிலியை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கூட்டின் பக்க நீளத்தைப் பாருங்கள்: சோதனையின் 5.43 ஆங்ஸ்ட்ராமுக்கு 5.47 வந்திருக்கும், பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இடைவெளிதான் தேவை என்றால், துல்லியப் பரிமாற்ற ஆற்றலில் ஒரு பங்கைக் கலக்கும் எச்.எஸ்.இ. கலப்புச் சார்பியத்தையோ, எலக்ட்ரானைச் சேர்க்கவும் நீக்கவும் ஆகும் ஆற்றல்களையே கணிக்கும், ஹெடின் முன்வைத்த ஜி.டபிள்யூ. முறையையோ நாடுங்கள். இரண்டாவது செலவு மிக்கது. ஆனால் இந்தக் கேள்விக்கென்றே பிறந்த முறை அது என்பேன்.

கேள்வி: கட்ஆஃப் ஆற்றலும் (எவ்வளவு நுண்ணிய அலைகள்வரை கணக்கில் சேர்க்கிறோம் என்ற எல்லை) கே-புள்ளிகளும் (படிகத்தில் எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: பிறர் கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை நிலையாக வைத்து மற்றதைப் படிப்படியாக உயர்த்தி, உங்களுக்கு வேண்டிய அளவு எங்கே அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். மொத்த ஆற்றல் நிலைத்துவிட்ட பிறகும் தகைவு மாறிக்கொண்டிருக்கலாம். உலோகங்களில் ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் எல்லை மட்டம்) நிரப்பம் சட்டென்று அறுபடுவதால், அடர்ந்த கே-வலையும், அந்த அறுபடலை மென்மையாக்கும் சிறிதளவு ஸ்மியரிங்கும் கட்டாயம்.

கேள்வி: நிக்கல் ஆக்சைடு மின்கடத்தாப் பொருள், என் கணக்கில் உலோகமாக வருகிறதே?

பதில்: காந்தத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டிருப்பீர்கள். அடுத்தடுத்த (111) தளங்களில் (படிகக் கூட்டின் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான அணு அடுக்குகள்) எலக்ட்ரான் சுழற்சி (ஸ்பின்) எதிரெதிராக அமையும்படி நான்கு அணுக்கள் கொண்ட கூட்டை எடுத்தால் இடைவெளி திறக்கும். அப்போதும் அது சோதனையின் 4 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டாது. நிக்கலின் டி-எலக்ட்ரான்களுக்கு, ஒரே அணுவில் அவை ஒன்றையொன்று விலக்குவதைக் கூடுதலாகக் கணக்கில் கொள்ளும் ஹப்பர்ட் யு திருத்தம் வேண்டும். அந்த யு மதிப்பை விடைக்குப் பொருந்தும்வரை திருகுவது கணிப்பே அல்ல. சிறு தூண்டலுக்கு எலக்ட்ரான் நிரப்பம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் நேரியல் துலங்கல் முறையில் அதைக் கணக்கிட்டே பெறலாம்.

கேள்வி: ஆயிரம் அணுக்களுக்குச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வழக்கமான முறையில், பெரிய கூடுகளுக்கு, அணுக்கள் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆகவே முதலில் சிறிய கூட்டில் அளவுருக்களை உறுதிசெய்துகொள்ளுங்கள்.