பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர என்ன ஏற்பாடு வேண்டும்?

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்கு இடமுண்டு. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும்.

அப்புறம் நேரம். பள்ளி அட்டவணையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்க்காதீர்கள், இரண்டு பேரும் களைத்துவிடுவீர்கள். வகுப்பில் வருகைப்பதிவு, காத்திருப்பு என்று போகும் நேரம் இங்கே மிச்சம். சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமே தாராளம். பின்னக் கணக்கு புரியவில்லையா? ஒரு காகிதத்தை நான்காக மடித்துக் கொடுங்கள். இரண்டு கால் சேர்ந்தால் அரை என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

படித்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் பள்ளியில் சேர்க்கும்போது உதவும். பெற்றோரில் ஒருவர் வேலையைக் குறைக்க வேண்டிவரலாம். சரி, யார் என்பதை இப்போதே பேசி முடியுங்கள்.