'இல்லை' என்று போட்டால் போதுமா?

கேள்வி: மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் போகிறேன். கருவாடு, சிவப்பரிசி, கொத்தமல்லி, செத்தல் மிளகாய், எருமைத் தயிர் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். விமானத்தில் தரும் அட்டையில் சாப்பாட்டுச் சாமான் உண்டா என்று கேட்டால் 'இல்லை' என்று போடுங்கள் என்கிறார்கள் போய்வந்தவர்கள். தாய் மகளுக்குக் கொண்டுபோவதையும் தடுப்பது அநியாயம் இல்லையா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அப்படிச் சொன்னவர்கள் மெல்பேர்ணில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்களா அம்மா? அட்டையில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. தடைசெய்த சாமானே என்றாலும் 'ஆம்' என்று போட்டுக் காட்டினால் பறித்து வைத்துக்கொள்வார்கள், தண்டம் இல்லை. 'இல்லை' என்று போட்ட பிறகு மோப்ப நாய் பையருகே உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே தண்டம். விசிட் விசாவை ரத்துச் செய்து திருப்பி அனுப்பவும் 2019 முதல் அதிகாரம் இருக்கிறது. மகளின் வாசலை மிதிக்காமலே கட்டுநாயக்கவுக்குத் திரும்பச் சம்மதமா?

கருவாடு சுத்தமாக இருந்தால், சொல்லிக் காட்டினால், பெரும்பாலும் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். அரிசி, கொத்தமல்லி, செத்தல் மிளகாய் மூன்றும் 2020 ஒக்டோபரிலிருந்து பயணிகளின் பையில் போகவே கூடாது. காரணம், சேமித்து வைத்த தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். ஆனால் அதன் புழு தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் பொதியின் மடிப்புக்குள் கிடக்கும். தயிர் விஷயத்தைப் படுவான்கரைப் பட்டிக்காரர் யாரிடமாவது கேளுங்கள், கால்-வாய் நோய் (கோமாரி) மாட்டை என்ன பாடுபடுத்தும் என்று சொல்வார். பால் சாமான்களோடும் போகக்கூடிய கிருமி அது. அவுஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு அந்த நோய் இல்லை.

அநியாயம் என்கிறீர்கள். 2018இல் சேனா படைப்புழு அம்பாறைச் சோளத்துக்குள் இறங்கியதை மறந்துவிட்டோமா? யாருடைய பையிலோ வந்தது என்று நான் சொல்லவில்லை. வெளிப் பூச்சி ஒன்று புகுந்தால் ஒரு போகம் என்னாகும் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். நாமும் சும்மா இல்லை. வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவருவதைக் கட்டுப்படுத்த 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வைத்திருக்கிறோம்.

மகளுக்கு ஏதாவது கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் மருதமுனைக் கைத்தறிச் சேலை இருக்கிறதே. அப்புறம், பயணம் என்றதும் அயலார் கொண்டுவந்து நீட்டும் பொதிகள். உங்கள் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் அங்கே உங்கள் சாமான்தான். வாங்குவதானால் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.