ஒரே பக்கத்தில் இரண்டு பதிப்புகள்: மைக்ரோ ஃபிரன்ட்எண்ட் காம்போனென்ட் லைப்ரரி குறித்த கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தளம் மைக்ரோ ஃபிரன்ட்எண்ட் முறையில், அதாவது பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு குழு தனியாக எழுதி வெளியிடும் முறையில் இயங்குகிறது. எங்களிடம் ரியாக்ட், ஆங்குலர், வியூ என வெவ்வேறு ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளைப் பயன்படுத்தும் மூன்று குழுக்கள் உள்ளன. பட்டன், டயலாக் போன்ற திரை உறுப்புகள் (காம்போனென்ட்) அடங்கிய, எல்லோருக்கும் பொதுவான ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை எதில் எழுதுவது?

பதில்: உலாவி நேரடியாகவே புரிந்துகொள்ளும் வெப் காம்போனென்ட்டாக எழுதுங்கள், அதற்கு உதவும் கருவிகளான லிட், ஸ்டென்சில் இரண்டுமே ஏற்றவை. ரியாக்டில் எழுதினால், ஒரு பட்டனுக்காக ஆங்குலர் குழு ரியாக்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். பொருள்களையும் பட்டியல்களையும் ரியாக்ட் வெறும் எழுத்துச்சரமாக மாற்றி கஸ்டம் எலிமென்ட்டுக்கு (வெப் காம்போனென்ட்டுக்கென நாமே பெயர் சூட்டிப் பதியும் டேக்) அனுப்பிவிடுகிறது என்ற பழைய குறை, 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19உடன் தீர்ந்தது. மூன்று குழுக்களுமே ரியாக்டில் இருந்திருந்தால், இந்தச் சுற்றுவழி வேண்டாம், ரியாக்டிலேயே எழுதுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: இரு குழுக்கள் எங்கள் லைப்ரரியின் வெவ்வேறு பதிப்புகளை ஏற்றும்போது, "இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்ற பிழை வருகிறது. பெயர் ஏற்கெனவே உள்ளதா என்று பதிவு செய்யும் முன் ஒரு சோதனை வைத்தால் போதாதா?

பதில்: பிழைச்செய்தி மறையும், பிழை மறையாது. கஸ்டம் எலிமென்ட் பெயர்களுக்கு வழக்கமாகப் பக்கம் முழுவதற்கும் ஒரே பதிவேடுதான் உண்டு. ஒரு பெயரை இரண்டாம் முறை பதிய முயன்றால் உலாவி மறுத்துவிடும். நீங்கள் சொல்லும் சோதனையை வைத்தால், முதலில் வந்து சேர்ந்த பதிப்பே இரு குழுக்களுக்கும் வேலை செய்யும். எது முதலில் வரும் என்பதோ அன்றைய இணைய வேகத்தைப் பொறுத்தது. காலையில் சரியாக இருந்த திரை மாலையில் உடைவதற்கும், டெவலப்பரின் கணினியில் அது ஒருபோதும் உடையாமலிருப்பதற்கும் இதுவே காரணம். நான் பராமரித்த ஒரு லைப்ரரியில் இந்தச் சோதனையை எழுதியவன் நானே என்பதால், அந்த அலைச்சலை நன்கறிவேன்.

இம்போர்ட் செய்தவுடனே தானாகப் பதிவாகும் வழக்கத்தைக் கைவிட்டு, கிளாஸை மட்டும் வெளியிட்டு, பெயர் சூட்டும் உரிமையைப் பயன்படுத்தும் குழுவிடம் விடுவதே சரியான வழி. அப்போது ஒரு குழு தன் டேகின் பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: உங்கள் டயலாக் தனக்குள்ளே பட்டனைப் பயன்படுத்துகிறது என்றால், அந்த உள் டேகின் பெயரும் நிலையாக எழுதப்பட்டிருக்கக் கூடாது, வெளியிலிருந்தே வர வேண்டும்.

கேள்வி: தனித்தனி பில்டுகள் ஒன்றின் நிரலை மற்றொன்று இயங்கும்போதே பகிர உதவும் மாட்யூல் ஃபெடரேஷனில், லைப்ரரியைச் சிங்கிள்டன் (பக்கத்தில் ஒரே பிரதி) என்று குறித்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே?

பதில்: 2020 அக்டோபரில் வெப்பேக் 5 என்ற பில்டு கருவியுடன் வந்த அந்த வசதி, கிடைக்கும் பதிப்புகளில் உயர்ந்ததைத் தேர்ந்து எல்லோருக்கும் அதையே கொடுக்கும், கண்டிப்பான சோதனையை நீங்களாக இயக்காவிட்டால், பொருந்தாத குழுவுக்குக் கன்சோலில் ஓர் எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும். ரியாக்டுக்கு அது தேவை. இரண்டு பிரதிகள் கலந்தால் ஹூக்குகள் (ரியாக்ட் காம்போனென்ட்டின் நிலையைக் கையாளும் செயற்கூறுகள்) வேலை செய்யா. ஆனால் உங்கள் லைப்ரரிக்கும் அதையே செய்தால், முதலில் மேம்படுத்திய குழு மற்ற குழுக்களைக் கேட்காமலே மேம்படுத்திவிட்டதாகிறது. தனித்தனியாக வெளியிடத்தானே மைக்ரோ ஃபிரன்ட்எண்டுக்கு வந்தோம்? ஒரே மேஜர் பதிப்புக்குள் (பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றம் வந்தால் மட்டும் உயரும் முதல் எண்) பகிருங்கள். மேஜர் மாறினால் இரண்டும் அருகருகே வாழட்டும்.

கேள்வி: காம்போனென்ட்டின் உள்ளமைப்பையும் ஸ்டைலையும் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாம் பயன்படுத்தினால், ஒவ்வொரு குழுவும் தன் நிறங்களை எப்படி மாற்றும்?

பதில்: சிஎஸ்எஸ் மாறிகள் ஷேடோ எல்லையைக் கடந்து உள்ளே செல்லும், நிறம், இடைவெளி போன்ற பெயரிட்ட வடிவமைப்பு மதிப்புகளை (டிசைன் டோக்கன்) அவற்றின் வழியாகவே கொடுங்கள். டோக்கனின் பெயரும் உங்கள் பொது ஒப்பந்தத்தின் பகுதியே. ஒன்றை நீக்கினால்கூட அது மேஜர் பதிப்பு. எழுத்துருவை ஷேடோவுக்குள் அறிவித்தால் பயனில்லை. முதன்மைப் பக்கத்தில்தான் அறிவிக்க வேண்டும். மேலும், லேபிளையும் உள்ளீட்டுப் பெட்டியையும் ஐடி மூலம் இணைப்பது இந்த எல்லையைக் கடக்காது என்பதால், இரண்டையும் ஒரே ஷேடோவுக்குள் வையுங்கள். இல்லையேல் திரைவாசிப்பானில் அந்தப் பெட்டி பெயரில்லாமல் போகும்.

கேள்வி: உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து எண்ணிக்கை தமிழில் தவறாக வருகிறதே?

பதில்: "நன்றி" நமக்கு மூன்றெழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கில் ஐந்து. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். உரையை எழுத்துகளாகப் பிரித்துத் தரும், உலாவியிலேயே உள்ள இன்டில் செக்மென்டரை (Intl.Segmenter) கொண்டு எண்ணுங்கள். 2024இல் ஃபயர்பாக்ஸும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

கேள்வி: உரிமம் எது? வெளிச் சார்புகள் எவ்வளவு இருக்கலாம்?

பதில்: எம்ஐடி எளிமையானது. பங்களிப்பாளர்களிடமிருந்து காப்புரிமை அனுமதியும் எழுத்தில் வேண்டுமென்றால் அப்பாச்சி 2.0. சார்புகளைப் பொறுத்தவரை நான் கஞ்சன்: 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது, அதன் பெயரையே கேள்விப்பட்டிராத திட்டங்களின் பில்டுகள் நின்றுபோயின. உங்கள் லைப்ரரி எத்தனை மைக்ரோ ஃபிரன்ட்எண்டில் இருக்கிறதோ, அத்தனை முறை அந்தச் சுமை பக்கத்தில் ஏறலாம். 11 வரியில் முடிவதை நீங்களே எழுதிவிடுங்கள்.