கை கோக்குற சீனுக்கே அழுகை வருது, எனக்கு என்ன ஆச்சு?

ஒருத்தங்க கேட்ட கேள்வி இதுதான்: ஹார்ட்ஸ்டாப்பர்னு ரெண்டு பசங்க காதலிக்கிற ஒரு வெப் காமிக் தொடரை படிக்கிறாங்களாம், கதையில யாரும் சாகல, யாரும் பிரியல, சும்மா கையைப் பிடிச்சுக்கிறாங்க, அதுக்கே பஸ்ல உக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்தாங்களாம். கல்யாணமாகி குழந்தை இருக்கு, ஹீரோ ஹீரோயின் கதைக்கெல்லாம் இப்படி வந்ததே இல்ல, இது நார்மலான்னு கேட்டிருக்காங்க.

நார்மல்தாங்க. நானும் அதே கோஷ்டிதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் நம்ம ஆன்லைன் தமிழ் நாவல் படிச்சு வளந்தவ. ராத்திரி சமையக்கட்டு வேலை முடிஞ்சதும் யூடி, அதாவது கதையோட புது அப்டேட், வந்திருக்கான்னு பாக்குறது, வரலைன்னா "சிஸ் இன்னைக்கு யூடி உண்டா"ன்னு கமெண்ட்ல யாராவது கேட்டிருப்பாங்க அதை மட்டும் படிச்சுட்டு தூங்குறது, நான் எப்பவும் சைலண்ட் ரீடர்தான். அந்த கதைகள்ல பாதிக்கு மேல ஆன்டி ஹீரோ. கட்டாயத் தாலி கட்டுவான், மிரட்டுவான், சந்தேகப்படுவான், கடைசி நாலு யூடில திருந்தி அழுவான், நாமளும் சேந்து அழுவோம். அந்த அழுகை வேற மாதிரி. அதுல எனக்கு ஒரு கோவமும் கலந்திருக்கும், இவ எதுக்கு இவனை மன்னிக்கிறான்னு ஒரு குரல் உள்ள கேட்டுக்கிட்டே இருக்கும், ஏன்னா அந்த பொண்ணோட இடத்துல நான்தான் நின்னுக்கிட்டு இருப்பேன், என் மாமியார் என் அம்மா எல்லாரும் பக்கத்துல நிப்பாங்க.

ஹார்ட்ஸ்டாப்பர் எனக்கு 2022ல நெட்ஃபிளிக்ஸ் சீரிஸா வந்தப்புறம்தான் தெரியும். ஆலிஸ் ஓஸ்மன் 2016லயே நெட்ல இலவசமா வரைஞ்சு போட ஆரம்பிச்ச காமிக். இங்கிலாந்துல ஒரு ஆண்கள் ஸ்கூல், சார்லின்னு ஒரு பையன், அவன் கே, அதாவது ஆண்களை விரும்புறவன்னு ஸ்கூலுக்கே தெரிஞ்சு போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன், பக்கத்து சீட்ல ரக்பி ஆடுற நிக். அவ்வளவுதான் கதை. பழைய பக்கங்களை மொத்தமா ஒரே மூச்சுல முடிச்சப்ப சிரிச்சேன், ரசிச்சேன், அழல. பிறகு புதுசா வர்ற பக்கங்களுக்காக காத்திருக்க ஆரம்பிச்சேன் பாருங்க, மாசத்துல 1, 11, 21 தேதிகள்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டு இருந்தாங்க, அப்பதான் ஆரம்பிச்சது. சில தடவை பத்து நாள் காத்திருந்தா வர்ற பக்கங்கள்ல வசனமே ரெண்டு வரிதான் இருக்கும், மீதியெல்லாம் முகம், தோள், பறக்குற இலை. அதை ஒரு நிமிஷத்துல படிச்சு முடிச்சுட்டு அப்புறம் பத்து நாள் அதே நினைப்பு.

அதனால என் கணக்குப்படி நம்மளை அழ வைக்கிறது அந்த சீன் இல்ல, அதுக்கு முன்னாடி நாம சும்மா இருந்த நாட்கள். முதல் பாகத்துல சோஃபாவுல சார்லி தூங்கிப் போயிருப்பான், நிக் அவன் கை கிட்ட தன் கையை கொண்டு போவான், தொட மாட்டான். மத்த காதல் கதையில இது ஒரு வரி. இங்க அந்த பையனுக்கு தான் யாருன்னே இன்னும் தெரியல, அப்புறம் நெட்ல போய் தேடுவான் நான் கேயான்னு, அதனால அந்த ரெண்டு இன்ச் தூரம் அவனோட மொத்த பிரச்சனையும். முதல் பாகம் முடியுறதும் எப்படி, முதல் முத்தம் முடிஞ்ச கையோட நிக் பயந்து ஓடிப் போறதுல. புத்தகமா வாங்கினவங்க அடுத்த பாகத்தை எடுத்துக்கலாம், தொடரா படிச்சவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்னு, இந்த மாதிரி காதல்னாலே முடிவு சாவுதான், இல்லன்னா யாராவது ஒருத்தனுக்கு கட்டாயக் கல்யாணம்னு நமக்கு பழகிப் போச்சு. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் இப்ப யாராவது அடிக்கப் போறாங்க, இப்ப அப்பா பாத்துடப் போறாருன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே படிக்கிறோம், ஒண்ணும் நடக்காம ரெண்டு பேரும் பீச்ல நடந்து போனா அந்த பயம் போக வழி தெரியாம கண்ணு வழியா வருது. அந்த பயம் ஆதாரமில்லாததும் இல்ல. சீனாவுல டான்மெய்னு ஒரு பெரிய உலகமே இருக்கு, ஆண்-ஆண் காதல் தொடர்கள், ஜின்ஜியாங்கற தளத்துல அத்தியாயம் அத்தியாயமா வரும், எழுதுறதும் படிக்கிறதும் பெரும்பாலும் பொண்ணுங்க. அதுல மோ டாவ் சூ ஷி ரொம்ப பிரபலம், செத்துப் போனவன் 13 வருஷம் கழிச்சு வேற உடம்புல திரும்பி வருவான், அந்த 13 வருஷமும் இன்னொருத்தன் அவனுக்காக காத்துக்கிட்டு இருந்திருப்பான், அதை வாய் திறந்து சொல்லவே மாட்டான். 2019ல டிவி தொடரா எடுத்தப்ப சென்சாருக்காக காதலை எடுத்துட்டு நட்புன்னு ஆக்கிட்டாங்க. 2018ல அன்ஹுவெய் மாகாணத்துல ஒரு பெண் எழுத்தாளருக்கு இந்த மாதிரி நாவல் எழுதி வித்ததுக்கு, ஆபாசம்னு சொல்லி பத்தரை வருஷம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க. அங்க இருக்குற வாசகிக்கு ஹீரோ பொழைப்பானாங்கற கவலையோட அடுத்த அத்தியாயம் வருமா, எழுதுறவங்க வெளிய இருப்பாங்களாங்கற கவலையும் சேந்து வரும்.

இதுக்கெல்லாம் முன்னாடி பேப்பர்ல தொடர்கதையாவே வந்திருக்கு. ஆர்மிஸ்டெட் மாபின் 1976ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்ல எழுதின டேல்ஸ் ஆஃப் தி சிட்டி. நம்ம வீட்டுல விகடன் தொடருக்கு அடிச்சுக்குவோமே அதே மாதிரி அந்த ஊரு காலையில அதுக்கு அடிச்சுக்கும். அதுல மைக்கேல்னு ஒரு பையன் தன் அம்மாவுக்கு நான் இப்படித்தான்னு லெட்டர் எழுதுவான், 1977ல. மாபினோட அப்பா அம்மா வேற மாநிலத்துல இருந்துக்கிட்டு சந்தா கட்டி அந்த பேப்பரை வாங்கிக்கிட்டு இருந்தாங்க, அந்த லெட்டர் அவங்களுக்கும்தான். வாசகர்கள்ல அதை எடுத்து பேரை மட்டும் மாத்தி தங்க வீட்டுக்கு அனுப்பினவங்களும் உண்டு. நாம பஸ்ல அழுததுக்கே கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கோம்.

நீங்க கல்யாணமானதை தனியா சொல்லியிருக்கீங்க, அதுக்கு என் பதில்: ரெண்டு பேரும் பசங்களா இருக்கறதால இந்த கதையில எனக்குன்னு ஒரு சீட் போட்டு வைக்கல. யாரு விட்டுக் குடுக்கணும், யாரு சமைக்கணும், யாரு அடங்கிப் போகணும்னு முன்கூட்டியே முடிவாகல. நிக் ஒவ்வொண்ணுக்கும் "இது ஓகேவா"ன்னு கேப்பான். என்கிட்ட யாரு கேட்டா, என் கல்யாணத்துல சாம்பார்ல முருங்கக்காய் போடணுமா கத்தரிக்காயான்னு கூட என்னைக் கேக்கல. உங்களுக்கும் அந்த இடம்தான் குத்தியிருக்கும்னு நெனைக்கிறேன், தப்பா இருந்தா கமெண்ட்ல திட்டுங்க.

ஆனா ஒரு விஷயம் இருக்கு. என் கூட வேலை பாக்குற ஒருத்தன், கே. 2018 செப்டம்பர்ல, ஒரே பாலினத்தவங்க உறவு குற்றமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டோட 377 தீர்ப்பு வந்த அன்னைக்கு ஆபீஸ் கேன்டீன் டிவில நியூஸ் ஓடிக்கிட்டு இருந்தப்ப பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போய் முகம் கழுவிட்டு வந்தான், அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான் என்கிட்ட சொன்னான். அவனுக்கு இந்த காமிக்கை ஆசை ஆசையா அனுப்புனேன். அவனும் அழுதான், ஆனா எரிச்சலோட. "பதினாறு வயசுல இப்படி ஒருத்தன் பக்கத்து சீட்ல உக்காந்திருந்தா நான் வேற ஆளா இருந்திருப்பேன்க்கா, இதைப் படிச்சா போன காலத்தை யாருகிட்ட போய் கேக்குறது"ன்னான். மூணாவது பாகத்தோட நிறுத்திட்டான். நானும் வற்புறுத்தல. நமக்கு கிடைக்கிறது ஒரு லேசான அழுகை, அவனுக்கு அது துக்கம், ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இந்த கதைங்களை "ச்சோ க்யூட்"னு மட்டும் பேசுற வாசகிகளைப் பாத்தா எனக்கு கொஞ்சம் கடுப்பாவே இருக்கும்.

அப்புறம் நாலாவது பாகம். அங்க சார்லிக்கு சாப்பாட்டுல பிரச்சனை வரும், அனோரெக்சியா (சாப்பாட்டை ஒதுக்க வைக்கிற மனநோய்), ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து படுத்துற நோய்), ஆஸ்பத்திரில தங்கி சிகிச்சை. நம்ம யூடி பழக்கத்துல நான் என்ன எதிர்பாத்தேன்னா நிக் வந்து கட்டிப் பிடிச்சா சரியாயிடும்னுதான். அந்த கதை அதை நேராவே மறுக்குது, காதல் மனநோயை குணப்படுத்தாது, டாக்டர்கிட்ட போகணும், வீட்டுல சொல்லணும்னு. நிக்கும் அழுவான், என்ன செய்யறதுன்னு தெரியாம. நான் அதிகமா உடைஞ்சது அங்கதான், அது இனிப்பான அழுகையும் இல்ல.

நீங்க அது வரைக்கும் வந்துட்டீங்களான்னு தெரியல. வரலைன்னா, தன்னைக் காயப்படுத்திக்கிறது, சாப்பிடாம இருக்கறது இதெல்லாம் வரும்னு ஆசிரியரே எச்சரிக்கை குடுத்திருக்காங்க, அதைப் பாத்துட்டு ஆரம்பிங்க, பஸ்ல மட்டும் வேண்டாம்.