பேட்டையும் பெஞ்சும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறோம். கணவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் கிடைத்திருப்பதால் வரும் மே மாதம் குடும்பத்தோடு அங்கு வருகிறோம். மகன் ஏழாம் வகுப்புக்கும் மகள் மூன்றாம் வகுப்புக்கும் போகவேண்டும். இங்கே எங்கள் அடுக்ககத்தில் இருநூறு குடும்பங்கள் இருந்தும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம், ஒரே பேச்சு. பிள்ளைகள் பல சாதி, பல மதம், பல மொழி மக்களோடு பழகி வளரவேண்டும் என்று விரும்புகிறோம். அதே நேரம் நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளியும் பக்கத்தில் இருக்கவேண்டும். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதி ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். முத்தியால்பேட்டையிலும் ஒரு வீடு வந்தது. அங்கே சூழல் சரியில்லை என்று நண்பர்கள் தடுத்துவிட்டார்கள். வாடகை, மழைநீர்த் தேக்கம் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் இடம் கிடைக்குமா?

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

வீடு பார்த்துத் தரச் சொல்லி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் முத்தியால்பேட்டையில் நான் படித்த அரசுப் பள்ளியின் வாசலில் ஒரு காலை நேரம் முழுவதும் காரணமில்லாமல் நின்றுவிட்டு வந்திருந்தேன். நீங்கள் அதே பேட்டையை ஒரே வரியில் தள்ளிவைத்திருப்பதைப் படித்தபோது, பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வாடகையைத் தரகரிடம் கேளுங்கள். மழைநீரைப் பொறுத்தவரை, 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கமெல்லாம் தெருவுக்குள் படகு வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பார்க்கும் வீட்டின் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேடுங்கள். வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளையர் பகுதியில் இப்போது சுற்றுலா வந்து தங்கிப்போவோர்தான் அதிகம், குடியிருப்போர் குறைவு. பிரெஞ்சுப் பள்ளி 1826இல் தொடங்கிய பழம்பெரும் பள்ளிதான் என்றாலும், அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியாத பையனை ஏழாம் வகுப்பில் கொண்டுபோய் அங்கே உட்காரவைப்பது அவனுக்குச் செய்யும் தண்டனை.

இனி 'சூழல் சரியில்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். பல சாதியும் பல மதமும் கலந்த இடம் வேண்டும் என்று எழுதிய அதே கையால், நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் மீனவரும் நெருங்கி வாழ்கிற பேட்டையைச் சூழல் சரியில்லாத இடம் என்று எழுதுகிறீர்களே, அம்மா, அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் நீங்கள் ஒருமுறையாவது நின்று யோசித்தீர்களா? நீங்கள் கேட்கும் பன்மை, பல மாநிலத்து மக்கள் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவது. அது பெங்களூரிலேயே உங்களுக்குக் கிடைக்கிறது.

இந்த ஊர் கலந்து வாழ்ந்த ஊர் என்று சுற்றுலாத் துறை சொல்வதை நம்பி வராதீர்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று கோடு கிழித்துக் கட்டிய ஊர் இது. மேற்குப் பக்கத்திலும் வைசியாள் வீதி, முல்லா வீதி, காஜியார் வீதி என்று பெயரைக் கேட்டதுமே அங்கே யார் குடியிருந்தார்கள் என்று விளங்கிவிடும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. இங்கிருந்த மாதா கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் இது தகுமா என்று கேட்கப்போய், சுவர் இடிக்கப்பட்டு, பெரிய கலகமாயிற்று. அந்தச் சுவர் கோவிலுக்கு உள்ளே இருந்தது என்பதைக் கவனியுங்கள். தலையை எண்ணிப் பார்த்தால் அந்தக் கோவிலில் நீங்கள் கேட்கும் பன்மை குறைவின்றி இருந்தது. எல்லோரும் ஒரே கூரையின்கீழ் ஒரே பூசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் தந்தையார் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு ஆலைக் கணக்கராக வந்தவர். முத்தியால்பேட்டையில் நாங்கள் வீடு தேடியபோது, 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற கேள்வியை எத்தனை வாசற்படிகளில் எதிர்கொண்டோம் என்பதை அவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஏற்கத்தக்க பதில் இருந்ததால் வீடு கிடைத்தது. அது என்ன பதில் என்று இங்கே நான் எழுதாமல் விடுவதும் அந்த வசதியில் சேர்ந்ததுதான்.

பள்ளியில் எங்கள் பெஞ்சில் நான்கு பேர். ஒருவன் தறிக்காரர் மகன். ஒருவனுடைய தாத்தா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சு வசைச் சொற்களை எங்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். நான்காமவன் மீனவர் வாழும் வைத்திக்குப்பத்துப் பையன். அவன் வீட்டில் ஒரு நாள் சுறாப்புட்டு தின்றுவிட்டு வந்து, கையை மண்ணில் தேய்த்துக் கழுவியும் வாசனை போகாமல் அம்மாவிடம் பிடிபட்டேன். அவர் அடிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பின்கட்டு மாடத்திலிருந்து விளிம்பு நசுங்கிய ஒரு தம்ளரை எடுத்து அதில் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்தான், கழுவினான், யாரும் சொல்லாமலே அதே மாடத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்துவைத்தான். எங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வயதில் நான் பார்த்த அந்தக் காட்சியை ஐம்பது ஆண்டுகளாக எந்தக் கதையிலும் எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் அவன் மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். ஒரே பெஞ்சில் இருப்பவன் என்பதால் கணக்குக்கும் வந்தான், காய்ச்சல் விசாரிக்கவும் வந்தான். அப்போதெல்லாம் பதினோராம் வகுப்புதான் பள்ளியிறுதி. நாங்கள் அதை எட்டுவதற்குள் அந்தத் தம்ளர் மாடத்திலிருந்து இறங்கி மற்றத் தம்ளர்களோடு கலந்துவிட்டிருந்தது. அம்மா மனம் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் வருகிறவனுக்குத் தனித் தம்ளர் தேடி எடுத்து அவர் சலித்துப்போனார். இந்தச் சலிப்பு வாரம் ஒரு முறை வருகிற விருந்தாளியால் ஏற்படுவதில்லை.

பிறகு நான் செய்ததையும் சொல்லவேண்டும். லாஸ்பேட்டையில் வீடு கட்டினேன். மகளைத் தொலைவிலிருந்த ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தேன். அவளுடைய தோழிகளில் மூன்று மதத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். நானும் உங்களைப் போலவே அதை எண்ணி மகிழ்ந்தேன். அத்தனை பேரின் தந்தையரும் ஒரே கட்டணத்தை ஒரே தேதியில் கட்டக்கூடியவர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்த ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாமலே என் மகள் பதினெட்டு வயதைத் தாண்டினாள். நல்ல பள்ளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதலிலேயே சலித்து எடுத்த பள்ளியை. சலித்தெடுத்துக் கொடு, அதற்குப்பின் கலந்தும் கொடு என்று நானும் கேட்டேன், நீங்களும் கேட்கிறீர்கள்.

உங்களுக்கு இருக்கும் ஒரு வாய்ப்பு எனக்கு இருக்கவில்லை. புதுச்சேரிக்குத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. நெடுங்காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. இப்போது இங்குள்ள அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025இல் முதல் பொதுத்தேர்வையும் எழுதி முடித்துவிட்டன. தனியார் பள்ளிகளில் பலவும் இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அதாவது நீங்கள் தேடும் பாடத்திட்டம், நீங்கள் பட்டியலில் சேர்க்காத பள்ளியில் கட்டணமின்றி இருக்கிறது. மதிய உணவும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே இங்கு தொடங்கிவைத்த வழக்கம் அது. அங்கே குறையே இல்லை என்று சொல்லவில்லை. திடீரென்று மாறிய பாடத்திட்டத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் நான் அறிவேன். உங்களைப் போன்ற பெற்றோர் நான்கு பேர் அங்கே போய்க் கேள்வி கேட்டால் நிலைமை வேறாக இருக்கும், நாம் போகவில்லை.

இன்னொன்று. உங்கள் சாதியை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அட்டவணை சாதிக் குடும்பமாக இருந்தால், புதுச்சேரியின் அட்டவணை சாதிகளைப் பட்டியலிட்ட 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வெளியானபோது இங்கே குடியிருந்தவர்களின் வழிவந்தவர்கள் அல்லாதோர் 'குடிபெயர்ந்தோர்' என்று தனியாகக் கணக்கிடப்படுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பிற்காலத்தில் கல்லூரிச் சேர்க்கையின்போது இது பெரிதாக வந்து நிற்கும்.

நீங்கள் கேட்ட மூன்றில் எது என்று நான் இன்னும் சொல்லவில்லை. முத்தியால்பேட்டை வீடு போய்விட்டதா என்று தரகரிடம் கேளுங்கள். போகவில்லையென்றால் ஒரு வேலைநாளில் வாருங்கள். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கலாம், நானும் வருகிறேன். மகனையும் அழைத்துவாருங்கள். அவன் மீன் சாப்பிடுவானா என்று நீங்கள் எழுதவே இல்லை.